எங்கள் பழைய இண்டிகாவும் வாய்தா நாட்களும்

எங்களிடம் ஒரு கார் இருக்கிறது என்று சொன்னால் சில தோழர்கள் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். "இயக்கம் நடத்துறவங்களுக்கு ஏது கார்?" என்று வாய்விட்டுக் கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 2005-இல் பதிவான டாடா இண்டிகா அது. டீசல் வண்டி, வெள்ளை நிறம், டி.என். 34. ஐந்து பேர் சேர்ந்து 2018-இல் 58,000 ரூபாய்க்கு வாங்கினோம். அதில் 20,000 ரூபாய் ஒரு தோழரின் தாயார் தோட்டை அடகு வைத்து வந்தது. ஏ.சி. உண்டு, ஓடாது. பின்கதவு ஒன்று வெளியிலிருந்து மட்டும்தான் திறக்கும். ஹாரன் நன்றாக அடிக்கும்.

திருச்செங்கோடு, ராசிபுரம், சங்ககிரி, சேலம், நாமக்கல் என்று இந்தச் சமவெளியில் இதுவரை பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பாதிக்கு மேல் நீதிமன்றத்துக்கும் காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும்தான். மீதி, கல்யாணம், சாவு, தேர்வு எழுதப் போகும் பிள்ளைகள், ஒரு பிரசவம்.

கார் எதற்கு என்பது வாய்தா நாளில் நம் ஊர்களிலிருந்து கிளம்பும் டவுன் பஸ்ஸில் ஏறிப் பார்த்தால்தான் புரியும். காலையில் ஒரே வண்டி. அதை விட்டால் பத்து மணிக்கு நீதிமன்றத்தில் இருக்க முடியாது. அதே வண்டியில்தான் சாட்சியும் ஏற வேண்டும், ஜாமீனில் வந்த எதிரியும் அவனுடைய மாமன் மச்சான்களும் ஏற வேண்டும். யாரும் கத்தியைக் காட்ட வேண்டியதில்லை. "ஏனுங், கோர்ட்டுக்குங்களா?" என்று முன்சீட்டிலிருந்து ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டால் போதும். காட்டு வேலைக்கு அவரிடமே போகிற அம்மா அந்த ஒரு கேள்வியில் பாதி செத்துவிடுவார். கூண்டில் ஏறி "எனக்கு எதுவும் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு இறங்குவார். பிறழ்சாட்சி என்று தீர்ப்பில் ஒரு வரி வரும். அந்த வரி எழுதப்பட்டது கூண்டிலா, பஸ்ஸிலா என்று எந்த நீதிபதியும் கேட்பதில்லை.

பஸ் என்றால் நமக்கு மேலவளவு நினைவுக்கு வராமல் இருக்காது. 1997 ஜூன் 30. ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் மதுரையில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வண்டியை மறித்து ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். எந்த வண்டியில், எந்த நேரத்தில் வருவார்கள் என்பது கொன்றவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் பகுதியிலேயே கோகுல்ராஜ் வழக்கு இருக்கிறது. 2015 ஜூனில் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலிலிருந்து கடத்தப்பட்டுக் கொல்லப்பட்ட ஓமலூர்ப் பையன். நாமக்கல்லில் தொடங்கிய விசாரணை, இங்கே நியாயமாக நடக்காது என்று 2019-இல் மதுரைக்கு மாற்றப்பட்டது. முக்கியச் சாட்சி ஒருவர் பிறழ்ந்தார். ஆனாலும் கோயிலின் சி.சி.டி.வி. பதிவு நின்றது, மகனுக்காக அந்தத் தாய் நின்றார், வழக்கறிஞர்கள் நின்றார்கள். 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2023 ஜூனில் குற்றவாளிகள் என்ற தீர்ப்பை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. இந்த வழக்கைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் தீர்ப்பைப் பேசுவார்கள். சேலத்திலிருந்து மதுரை 200 கிலோமீட்டருக்கு மேல் என்பதை யாரும் பேசுவதில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் யாரோ ஒருவர் அந்தத் தூரத்தைப் போய்த் திரும்பியாக வேண்டும்.

வாடகைக் கார் எடுத்தால் என்ன என்று கேட்கலாம். எடுத்துப் பார்த்தோம். காசு ஒரு பக்கம் இருக்கட்டும். ஊர்ப்பக்கத்து ஸ்டாண்டில் வண்டி எடுத்தால், காலனியில் யாரை ஏற்றினான், எங்கே இறக்கினான், காரில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது சாயங்காலம் டீக்கடைக்கு வந்துவிடும். டிரைவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவரும் அந்த ஊரில்தான் பிழைக்க வேண்டும். ('காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். நல்லது. எங்கள் ஸ்டாப்பில் கண்டக்டர் இன்னும் "காலனி எறங்கு" என்றுதான் கூவுகிறார்.)

அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு நூலை மாணவத் தோழர்கள் படித்திருப்பீர்கள். அதில் வண்டி இரண்டு இடத்தில் வருகிறது. 1901-இல், சிறுவனாக, மசூர் ரயில் நிலையத்தில் இறங்கியபோது மாட்டுவண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். இரட்டை வாடகை பேசி, பிள்ளைகளே மாட்டை ஓட்ட, வண்டிக்காரர் கூடவே நடந்து வந்தார். இரண்டாவது 1929-இல் சாலிஸ்கான். அப்போது அவர் வெளிநாட்டில் படித்துத் திரும்பிய பாரிஸ்டர், அரசு அமைத்த குழுவில் உறுப்பினர். டோங்கா ஓட்டுகிறவர்கள் யாரும் அவரை ஏற்ற மாட்டேன் என்றார்கள். வண்டியை மட்டும் வாங்கி, மகர் ஒருவர் ஓட்டினார். அவருக்கு டோங்கா ஓட்டிப் பழக்கமில்லை. பாலத்தில் அம்பேத்கர் கல் தரையில் தூக்கி எறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது.

முதல் சம்பவத்தை எல்லோரும் மேடையில் சொல்கிறோம். எங்களுக்கு இரண்டாவதுதான் முக்கியம். வண்டி கிடைத்துவிட்டது, ஓட்டத் தெரிந்த கை கிடைக்கவில்லை. கடிவாளத்தை ஒருநாளும் பிடிக்க விடாமல் வைத்திருந்தவர்களிடமிருந்து அன்றைக்கு ஒருநாள் வண்டியை மட்டும் வாங்கினால் அப்படித்தான் ஆகும். எங்களுக்கும் ஒரு கட்டத்தில் அதேதான் நடந்தது.

வண்டி வாங்கிய இரண்டாம் வருடம். நாளைக்கு வாய்தா, இன்றைக்கு ரேடியேட்டர் ஒழுகுகிறது. வழக்கமாக விடும் பட்டறையில் விட்டோம். மத்தியானம் வரை வண்டியைத் தொடவில்லை. பிறகு "பார்ட்ஸ் வரலைங்க" என்றார்கள். சாயங்காலம் "நாளைக்குப் பாக்கலாங்க". அங்கே வேலை பார்க்கும் நம் பையன் ஒருவன் பின்னால் வந்து மெதுவாகச் சொன்னான்: எதிரி தரப்பின் லாரிகள் எல்லாம் அங்கேதான் சர்வீஸ், காலையில் ஒரு போன் வந்தது. பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம். அவருக்கும் தொழில். அன்றிரவு அரசுப் பேருந்தில் மாறி மாறி அந்தச் சாட்சிகளைக் கூட்டிப்போனோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வண்டி எங்கள் வேப்பமரத்தடியில்தான் பிரிக்கப்படுகிறது.

எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஓர் அண்ணன். 22 வருடம் லாரி ஓட்டியவர், அதற்கு முன் கிளீனர். நாமக்கல்லையும் திருச்செங்கோட்டையும் தெரிந்தவர்களுக்கு இந்த வாழ்க்கை தெரியும். எரிவாயு டேங்கர், லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகள், இந்தியா முழுவதும் போய்க் குழி போடும் ரிக் வண்டிகள். இந்தத் தொழிலில் நம் பிள்ளைகள் எங்கும் இருக்கிறார்கள். கிளீனராக, வெல்டராக, பெயிண்டராக, ரிக்கில் ராடு மாட்டுகிறவர்களாக. ஆர்.சி. புத்தகத்தில்தான் நம் பெயர் அரிது. இந்த அண்ணனுக்கும் சொந்தமாக ஒரு டி.வி.எஸ். 50தான். ஆனால் இஞ்சின் சத்தத்தைக் கேட்டே நாசில் எது மக்கர் என்று சொல்லிவிடுவார்.

பழைய டீசல் வண்டி வாங்க நினைக்கும் தோழர்களுக்கு, அவரிடம் நாங்கள் கற்றதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். நம் கூட்டங்களில் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை.

ஏன் இண்டிகா? 1998 டிசம்பரில் வந்த வண்டி. 1,405 சி.சி. டீசல் இஞ்சின், டர்போ கிடையாது. பின்னாளில் கால் டாக்சி என்றாலே இண்டிகா என்றானது. அதனால் எந்த ஊரிலும் சாமான் கிடைக்கும், பழைய இரும்புக் கடையிலும் கிடைக்கும். எங்கள் வண்டியில் டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல். இன்றைய காமன் ரெயில் வண்டிகளைப் போல் கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஒருமுறை ஓட ஆரம்பித்தால், டீசலை அடைத்துத் திறக்கும் சாலினாய்டுக்குக் கொஞ்சம் கரண்ட் போதும், இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தி அழுத்திச் சூடாக்கி, அந்தச் சூட்டில் டீசல் தானாகப் பற்றுகிறது. குளிர்ந்த இஞ்சினுக்கு உதவியாகச் சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு ஹீட்டர் பிளக். சித்திரையில் அது தேவையே இல்லை. மார்கழி விடியலில் செல்ப் அடித்துக்கொண்டே இருந்து வெள்ளைப் புகை வந்தால், முதலில் ஹீட்டர் பிளக்கையும் பேட்டரியையும் பாருங்கள். பம்பில் கை வைக்காதீர்கள். பம்ப் வேலை பம்ப் லேபில் மட்டும்தான்.

புகையைப் படிக்கத் தெரிய வேண்டும். கறுப்பென்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டுங்கள், நம் கோழிப்பண்ணை ரோட்டுப் புழுதியில் அது மாதத்துக்கு ஒருமுறை அடைத்துக்கொள்ளும். நீலமென்றால் ஆயில் எரிகிறது, செலவு பெரிது. சூடான பிறகும் வெள்ளை நிற்கவில்லை, ரேடியேட்டர் தண்ணீரும் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கட். வண்டி வாங்கும்போதே இதைப் பார்த்துவிட்டால் பாதிப் பணம் மிச்சம்.

டீசல் தீர்ந்துபோனாலோ ஃபில்டர் மாற்றினாலோ குழாயில் ஏர் பிடித்துக்கொள்ளும். செல்ப் எவ்வளவு அடித்தாலும் எடுக்காது. ஃபில்டர் தலையில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்தி, கை பம்பை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். நுரை நுரையாக வந்து, பிறகு நுரையில்லாமல் சுத்த டீசல் வரும்போது இறுக்க வேண்டும். அப்படியும் எடுக்காவிட்டால் நாசில் குழாய் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி ஒருவர் செல்ப் அடிக்கலாம். அந்த நேரத்தில் முகத்தையும் கையையும் தள்ளி வைத்திருங்கள், அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைக்கும். சங்ககிரி ரோட்டில் இரவு ஒன்பது மணிக்கு, பின்சீட்டில் ஒரு பெரியம்மா உட்கார்ந்திருக்க, சட்டம் படிக்கும் எங்கள் தங்கை இதைத் தனியாகச் செய்து வண்டியை எடுத்தாள். அன்றிலிருந்து அந்தப் பெரியம்மா அவளை "மெக்கானிக் வக்கீலு" என்றுதான் கூப்பிடுகிறார்.

இந்த வண்டியைக் கொல்வது சூடு. நம் ஊர் போர்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அதே படிவு ரேடியேட்டர் குழாய்களிலும் படியும். பிறகு தண்ணீர் ஓடாது, இஞ்சின் கொதிக்கும், ஹெட் வளையும். காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ட்டும் கலந்துதான் ஊற்ற வேண்டும். மழைத் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பிடித்து வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். ஃபேன் ஓடுகிறதா என்று வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். சூட்டு முள் ஏறினால் உடனே ஓரம் கட்டுங்கள். "மூடியத் தெறக்காதீங்க தம்பி, மொகம் வெந்து போயிரும். அரமணி நேரம் டீ குடிங்க" என்பார் அண்ணன். டீக்கடை இல்லாத இடத்திலும் அரைமணி நேரம்தான்.

இன்னொன்று டைமிங் பெல்ட். மேலே வால்வையும் கீழே பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் ரப்பர் வார் அது. ஓடும்போது அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும். வால்வு வளையும், வண்டி அங்கேயே நிற்கும், வண்டி வாங்கிய விலையில் பாதி செலவாகும். எந்தச் சத்தமும் முன்னறிவிப்பும் இருக்காது. பழைய வண்டி விற்பவர் "போன வருசந்தான் மாத்துனமுங்க" என்பார். பில்லைக் காட்டினால் நம்புங்கள். இல்லாவிட்டால் வாங்கிய வாரத்திலேயே பெல்ட்டையும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். குறி பார்த்துப் பூட்டிவிட்டுச் செய்ய வேண்டிய வேலை, தெரிந்தவர் பக்கத்தில் நிற்காமல் தொடக் கூடாது. நாங்கள் அண்ணன் கண்ணெதிரில்தான் செய்தோம். ஒரு பகல் முழுக்க ஆனது.

பிரேக் பற்றியும் ஒன்று. டீசல் வண்டியில் பிரேக் பூஸ்டருக்குத் தனி வேக்குவம் பம்ப் உண்டு, இஞ்சின் ஓடினால்தான் அது ஓடும். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று இறக்கத்தில் இஞ்சினை அணைத்தால் பெடல் கல்லாகிவிடும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. அங்கே ஏறுவது எந்தக் கியரோ, இறங்குவதும் அதே கியர்.

வண்டிக்கு அடியில் போகும்போது ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் போகாதீர்கள். ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுக்காதீர்கள், அது சொல்லாமல் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டு இல்லையென்றால் அகலமான மரக்கட்டைகள், குறுக்கும் நெடுக்குமாக. கழிவு ஆயிலை மண்ணில் ஊற்றாமல் கேனில் பிடித்து வைத்தால், கான்கிரீட் போடும் மேஸ்திரிகள் சென்ட்ரிங் பலகைக்குக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

வேப்பமரத்தடி வேலையை முதலில் ஊர்ப் பெரியவர்களே விரும்பவில்லை. "படிச்சுப்போட்டு எதுக்கு சாமி கையில கிரீசு?" என்றார் ஒரு தாத்தா. அவருடைய அப்பா கவலைக்குப் பறி தைத்தவர். கிணற்றிலிருந்து மாடு பூட்டித் தண்ணீர் இறைத்த காலத்தில், கொங்குப் பக்கம் அந்தத் தோல் பறியைத் தைத்ததும் ஒட்டுப்போட்டதும் அருந்ததியர் கைகள். பறியில் ஓட்டை விழுந்தால் வயல் காயும். அதனால் கூப்பிட்ட நேரத்துக்குப் போய்த் தைக்க வேண்டும், கூலியாக அறுவடையில் அளந்து போடுவதை வாங்கிக்கொள்ள வேண்டும். மோட்டார் வந்ததும் பறி போனது. தண்ணீர் இறைக்கும் கருவியை அத்தனை தலைமுறையாகப் பழுது பார்த்த கைகளுக்கு மோட்டார் பழுது பார்க்கும் வேலையை யாரும் தரவில்லை, அந்தக் கைக்குத் தோல் வேலை என்ற பெயர் மட்டும் நின்றது. தாத்தாவின் கோபம் எங்களுக்குப் புரிகிறது. அழுக்கு வேலையிலிருந்து தப்பிக்கத்தான் அவர் பிள்ளைகளைப் படிக்க அனுப்பினார். நமக்காக நாமே, நம் வண்டியில், நாம் நினைத்த நேரத்தில் செய்யும் வேலை வேறு என்று அவருக்குச் சொன்னோம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் கட்டிலை மரத்தடிக்கு நகர்த்திப் போட்டு, யார் எந்த ஸ்பேனரை எங்கே வைத்தார்கள் என்று காவல் காக்கிறார்.

வண்டியில் எங்களுக்குள் நடந்த பெரிய சண்டை இஞ்சினைப் பற்றியதல்ல, ஸ்டிக்கரைப் பற்றியது. இந்தச் சமவெளியில் ஓடும் கார்களின் பின்கண்ணாடியைப் பார்த்தாலே ஓட்டுகிறவரின் சாதி தெரியும். நம் வண்டியில் அம்பேத்கர் படமும் நீலப் பட்டையும் ஒட்ட வேண்டும் என்று இளைய தோழர்கள் நின்றார்கள். அவர்கள் கேட்டது நியாயம். 1997-இல் விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தபோது, அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கலவரம் செய்தார்கள். அரசு அந்தப் பெயரை மட்டும் எடுக்காமல், எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே எடுத்துவிட்டது. வண்டியில் ஒரு பெயர் ஓடுவதே இவர்களுக்குப் பொறுக்கவில்லை என்றால் அதை ஓட்டித்தான் காட்ட வேண்டும் என்றார்கள். புல்லட் ஓட்டியதற்காக சிவகங்கைப் பக்கத்தில் கல்லூரி மாணவனின் கை வெட்டப்பட்டது என்று அவன் குடும்பம் கதறியது 2025 பிப்ரவரியில்.

மூத்தவர்கள் ஒரே கேள்வி கேட்டார்கள். "வண்டி நமக்கா, சாட்சிக்கா?" இரவு பதினொரு மணிக்கு ஒரு குடும்பத்தை ஊரைவிட்டு வெளியே எடுக்கும்போது, செக்போஸ்டுக்கு முன்னால் பத்துப் பேர் நின்றால், வெள்ளை இண்டிகா ஆயிரத்தில் ஒன்றாக இருப்பதுதான் அந்தக் குடும்பத்துக்குப் பாதுகாப்பு. கடைசியில் ஒட்டவில்லை. கையுறைப் பெட்டிக்குள் உட்புறம் ஒரு சின்னப் படம் இருக்கிறது. இளையவர்கள் இன்னும் சமாதானமாகவில்லை. ஒருநாள் ஒட்டும் காலம் வரும் என்பதை நாங்களும் மறுக்கவில்லை.

அலபாமாவின் மாண்ட்கோமரியில் 1955 டிசம்பர் முதல் 381 நாள் கறுப்பின மக்கள் பஸ்ஸைப் புறக்கணித்ததைப் பற்றிப் படிக்கும்போது நாம் ரோசா பார்க்ஸையும் மார்ட்டின் லூதர் கிங்கையும் படிக்கிறோம். அவர்கள் எப்படி வேலைக்குப் போனார்கள் என்பதையும் படியுங்கள். சுமார் 300 கார்களை வைத்து, ஏறும் இடம் இறங்கும் இடம் எல்லாம் குறித்து, ஒரு போக்குவரத்துக் கழகமே நடத்தினார்கள். அரசு நேரடியாகத் தடுக்க முடியாதபோது ஓட்டுநர்களுக்கு ஒன்றுமில்லாததற்கெல்லாம் அபராதம் போட்டது. 25 மைல் வேகப் பகுதியில் 30 மைல் போனார் என்று கிங்கையே பிடித்துச் சிறையில் வைத்தார்கள். பிறகு கார்களின் காப்பீடு ரத்தானது. லண்டன் லாயிட்ஸ் வழியாகக் காப்பீடு எடுத்து ஓட்டினார்கள். இதைப் படித்த பிறகு எங்கள் வண்டியில் இன்சூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ், எரியும் பிரேக் லைட் எதிலும் ஒருநாள் பிந்துவதில்லை. நம்மை நிறுத்த நினைப்பவருக்கு சாதிச் சட்டம் எதுவும் தேவையில்லை, உடைந்த இண்டிகேட்டர் ஒன்று போதும்.

வண்டியில் ஒரு நோட்டு உண்டு. தேதி, கிலோமீட்டர், டீசல், எங்கே, எதற்கு. சாட்சிகள் பெயரை எழுதுவதில்லை, வழக்கு எண் மட்டும். காரில் வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது என்பது கண்டிப்பான விதி. "சொல்லிக்கொடுத்துக் கூட்டி வந்தார்கள்" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார், கேட்டிருக்கிறார். சாட்சியிடம் டீசலுக்கு ஒரு ரூபாய் வாங்குவதில்லை. சொந்த போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டினோம் என்ற பேச்சுக்கு இடம் வைக்க முடியாது.

ஆனால் இது அரசின் வேலை என்பதை ஒருபோதும் மறக்காதீர்கள். வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995, விதி 11-ஐ எடுத்துப் படியுங்கள். பாதிக்கப்பட்டவர், அவரைச் சார்ந்தவர், சாட்சி எல்லோருக்கும் விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் வந்துபோக ரயில், பஸ் அல்லது டாக்சிக் கட்டணம் தர வேண்டும். அதிகாரிகளைப் பார்க்கப் போக மாவட்ட நிர்வாகம் வாகன வசதி செய்து தர வேண்டும், அல்லது செலவைத் தர வேண்டும். பெண்கள், சிறார், 60 வயதைத் தாண்டியவர், 40 சதவீதமோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் கொண்டவர் ஆகியோர் தங்களுக்கு விருப்பமான ஒருவரைத் துணைக்குக் கூட்டிவரலாம். பணம் உடனடியாக, அதிகபட்சம் மூன்று நாளில். 2016-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், பிரிவு 15ஏ இதைச் சட்டத்திலேயே உரிமையாக்கிவிட்டது. மூன்று நாளில் பணம் வந்ததை நாங்கள் இதுவரை பார்த்ததில்லை. ஆனாலும் பஸ்ஸில் போன ஒவ்வொரு சாட்சிக்கும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் விதி எண் போட்டு மனு எழுதுகிறோம், ஒப்புகை வாங்குகிறோம். அந்த மனுக்களின் கட்டு எங்கள் டூல்ஸ் பெட்டியைவிடக் கனமாகிவிட்டது. அடுத்து அதை வைத்து என்ன செய்யலாம் என்று வழக்கறிஞர் தோழர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

கணக்கு இது. மாதம் 600 கிலோமீட்டர் அளவுக்கு ஓடுகிறது, லிட்டருக்கு 16 தருகிறது. 2025-இல் டீசல் 92 ரூபாய்ச் சொச்சம் விற்றது, மாதம் 3,500 ரூபாய். சாமான், ஆயில், டயர் எல்லாம் சேர்த்து வருடம் 15,000-க்குள் முடிகிறது, கூலி இல்லாததால். ஐந்து பேரும் மாதம் ஆளுக்கு 1,000 போடுகிறோம். கட்டுமான வேலை இல்லாத மாதத்தில் ஒருவர் 500 போடுவார், மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இப்போது வந்திருக்கும் தலைவலி வேறு. 2020-இல் 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பித்தபோது மத்திய அரசின் கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அதை 5,000 ஆக்கினார்கள். 2025 ஆகஸ்டில், 20 வருடத்தைத் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. பழைய வண்டி புகை கக்குகிறது, உண்மை. எங்கள் பிள்ளைகளும் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். ஆனால் வருடத்துக்கு 7,000 கிலோமீட்டர் ஓடும் இந்த இண்டிகாவைக் கழித்துவிட்டுப் புது வண்டி வாங்கு என்று சொல்கிறவர், காலை ஏழு மணிக்குச் சாட்சி ஏறக்கூடிய இன்னொரு பஸ்ஸை விடுகிறேன் என்று சொல்வதில்லை.

எங்கள் ஆர்.சி. இந்த அக்டோபரில் முடிகிறது. வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டுவதற்கு முன் இடது லோயர் ஆர்ம் புஷ் மாற்ற வேண்டும், பின்பக்க பிரேக் ஷூ பார்க்க வேண்டும், உள்ளிருந்து திறக்காத அந்தக் கதவையும் இந்த முறை சரி செய்தே ஆக வேண்டும். ஆட்டோமொபைல் டிப்ளமோ படிக்கும் தம்பிகள் இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வேறு யாருக்காவது கற்றுக்கொள்ள விருப்பமிருந்தால், வரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் காலை எட்டு மணிக்கு வேப்பமரத்தடிதான். பழைய சட்டை ஒன்று கொண்டு வாருங்கள். 17-ஆம் நம்பர் ரிங் ஸ்பேனர் யாரிடமாவது இருந்தால் அதையும். எங்களுடையதைத் தாத்தா எங்கேயோ பத்திரமாக வைத்துவிட்டார்.